கொடியடுப்பும் இரட்டை அடுப்பும்

நம் பாட்டிமார் புழங்கிய மண்ணடுப்பை இன்று காண்பது அரிதாகிவிட்டது. அதிலே ஒரு நுட்பம் இருந்தது. பெரிய வாயின்மேற் சோற்றுப்பானை கொதிக்கும். அதன் பக்கத்திலே சிறிய வாயொன்று இருக்கும். அதற்கெனத் தனியாக விறகு வைப்பதில்லை. பெரிய அடுப்பின் தீநாக்கு உள்வழியே சென்று அதனையும் சூடாக்கும். அதற்குக் கொடியடுப்பு என்று பெயர். காய்ச்சிய பால் ஆறாமலும், வைத்த குழம்பு தீயாமலும் இருப்பதற்கு வேண்டிய இளஞ்சூடு அங்கே கிடைத்துவிடும். தீ ஒன்று, சூடு இரண்டு. விறகு தாராளமாக இருந்த வீடுகளிலோ இரண்டு தனி அடுப்புகளை மூட்டினார்கள். ஒன்றின் தீயைக் கூட்டினாலும் குறைத்தாலும் மற்றது அதனாற் பாதிக்கப்படாது.

இவ்விரண்டில் எது நல்லது என்ற பழைய கேள்வி, இப்பொழுது இத்தாலியக் கோப்பி யந்திரத்தின் உருவில் நம் வீட்டு வாயிலுக்கு வந்திருக்கிறது.

இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று கிண்ணியாவிலிருந்து ஒரு மாணவி எழுதியது. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிப்பவர். “எங்கள் நானா கட்டாரிலே ஒரு கோப்பிக் கடையில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறார். வீட்டுக்கு ஓர் எஸ்பிரெசோ யந்திரம் வாங்க வேண்டும் என்கிறார். இரட்டைக் கொதிகலன் உள்ளதுதான் உயர்ந்தது என்பது அவருடைய எண்ணம். வெப்பப் பரிமாற்றி உள்ளதே போதும் என்று அவருடைய கூட்டாளி சொல்கிறார். இரண்டுமே வேண்டாம், அந்தக் காசு வீட்டு வேலைக்கு உதவும் என்கிறார் வாப்பா. நானா திரும்பவும் வெளிநாடு போவாரா என்பது இன்னும் முடிவாகவில்லை. விஞ்ஞான முறைப்படி எது சரி என்று எழுதுவீர்களா?” என்று கேட்டிருக்கிறார்.

ஆறு ஆண்டுகள் அயல் நாட்டில் நின்று சேர்த்த பணத்தில் ஒரு பங்கு இது. ஆகையால் விளையாட்டாக விடை சொல்லிவிட முடியாது. முதலில் விஷயத்தின் அடிப்படையைப் பார்ப்போம்.

எஸ்பிரெசோ என்பது நன்றாக அரைத்த கோப்பித் தூளினூடே, வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ ஒன்பது மடங்கு அமுக்கத்துடன் வெந்நீரைச் செலுத்தி எடுக்கும் சாறு. பொதுவாகப் பதினெட்டுக் கிராம் தூளிலிருந்து இருபத்தைந்து முதல் முப்பது விநாடிக்குள் முப்பத்தாறு கிராம் அளவு சாறு இறங்கும். அந்த நீரின் வெப்பநிலை 90 பாகைக்கும் 96 பாகைக்கும் இடையில் இருத்தல் வேண்டும். அதற்கு மேற்போனாற் கைப்பும் கருகல் மணமும் மிகும். கீழிறங்கினாற் புளிப்புத் தட்டும். இரண்டு மூன்று பாகையில் என்ன வந்துவிடப் போகிறது என்று எண்ண வேண்டாம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் நீராடியவர்கள், அடுத்தடுத்த கிணறுகளே சூட்டில் வேறுபடுவதை அறிவார்கள். உடம்பு உணரும் அச்சிறு வேறுபாட்டை நாவும் உணர்கிறது.

இனிப் பாலுக்கு வருவோம். பாலை நுரைக்கச் செய்வது கொதிநீராவி. மூடிய கலத்தினுள்ளே நீரை 120 பாகைக்கு மேற் சூடாக்கினால்தான் விசையோடு வெளிவரத்தக்க ஆவி கிடைக்கும். வளிமண்டல அமுக்கத்தைப் போல் இருமடங்கு அமுக்கத்தில் நீர் 120 பாகையிற் கொதிக்கிறது என்று மாணவர்கள் படித்திருப்பார்கள். ஆகவே ஒரே யந்திரத்தில், ஒரே வேளையில், கோப்பிக்கு 93 பாகையும் பாலுக்கு 120 பாகையும் வேண்டியிருக்கின்றன. கடந்த நூற்றாண்டில் இந்த யந்திரத்தைத் திருத்தியமைத்தவர்கள் பலரும் இந்தச் சிக்கலோடுதான் மல்லாடினார்கள்.

மிலான் நகரத்து லூயிஜி பெட்செரா 1901 ஆம் ஆண்டிலே உரிமைப் பதிவு செய்த யந்திரத்தில், ஆவியும் கோப்பி நீரும் ஒரே கலத்திலிருந்து வந்தன. வேகம் இருந்தது, ஆனால் நீரின் சூடு மிகுந்து கோப்பி கருகிற்று. அக்கிலே காஜா என்பவர் நெம்புகோலைப் பூட்டி, ஆவியின் விசையை நம்பாமற் கையின் விசையால் நீரைத் தள்ளும் முறையை இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைநாட்டினார். 1961 ஆம் ஆண்டில் ஃபேமா நிறுவனம் ஈ-61 என்ற யந்திரத்தை வெளியிட்டது. அந்த ஆண்டு பெப்ரவரியில் இத்தாலியிற் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தை ஒட்டி வைத்த பெயர் அது. மின்சாரப் பம்பியும் வெப்பப் பரிமாற்றியும் சேர்ந்த அமைப்பை உலகறியச் செய்தது அந்த யந்திரமே. பின்னர் 1970 இல் புளோரன்ஸ் நகரத்து லா மார்சோக்கோ நிறுவனம், கோப்பிக்கு ஒன்று, ஆவிக்கு ஒன்று என இரு கொதிகலன்கள் வைத்த யந்திரத்தைக் கொண்டுவந்தது. இன்று வீட்டுக்கு வரும் சிறிய யந்திரங்கள் இவ்விரு பெரிய யந்திரங்களின் பிள்ளைகள்.

வெப்பப் பரிமாற்றி என்பது நம் கொடியடுப்பேதான். உள்ளே இருப்பது ஒரே கொதிகலன். அதிலே ஆவிக்குரிய 120 பாகை நீர். அதன் ஊடே ஒரு குழாய் செல்கிறது. பம்பி தள்ளும் புது நீர் அக்குழாயினுட் புகுந்து, போகிற போக்கிலே சூடேறி, கோப்பித் தூளை அடைகிறது. கலத்து நீரும் கோப்பி நீரும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. தீ ஒன்று, கம்பிச்சுருள் ஒன்று, அமுக்கத்தைப் பார்த்து மின்சாரத்தைக் கொடுக்கவும் நிறுத்தவும் ஓர் ஆளி. அமைப்பு இவ்வளவே.

இதன் குறை, யந்திரம் சும்மா நிற்கும்போதுதான் வெளிப்படும். குழாயினுள்ளே தங்கிய நீர் அரை மணி நேரம் அசையாமல் நின்றால், சுற்றியுள்ள நீரின் சூட்டை நெருங்கிவிடும். அமுக்கத்தில் இருப்பதால் அது குழாயினுள்ளே கொதிப்பதில்லை. திறந்துவிட்டவுடன் சீறிக்கொண்டு ஆவியும் நீருமாய்ப் பாயும். ஆகையால் கோப்பி எடுப்பதற்கு முன்னே சிறிது நீரை வெறுமனே ஓடவிட வேண்டும். எவ்வளவு? சீறல் அடங்கும்வரை, அதற்குப் பிறகு இன்னும் சில விநாடி. இதில் ஓர் அழகான பௌதிகம் இருக்கிறது. வெளிவரும் நீர் 100 பாகைக்கு மேலிருக்கும் வரைதான் ஆவியாகிச் சீறும். சீறல் அடங்கினால் அந்த எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டது என்பது பொருள். பழகியவருக்குக் காதே வெப்பமானி.

இரட்டைக் கொதிகலனில் இந்தக் காத்திருப்பு இல்லை. ஒவ்வொரு கலத்துக்கும் தனிச் சுருள், தனி வெப்பமானி. ஓர் இலத்திரனியற் கருவி அடிக்கடி சூட்டை அளந்து, குறையக் குறையச் சிறிது சிறிதாக மின்சாரம் ஊட்டிக்கொண்டிருக்கும். 93 என்று எண்ணைக் குறித்துவிட்டால் 93 இலே நிற்கும். இளம் வறுவற் கோப்பிக்கு 95 வேண்டுமா? எண்ணை மாற்றினாற் போதும். பால் வேண்டாத வேளையில் ஆவிக் கலத்தை அணைத்துவைக்கும் வசதியும் பலவற்றில் உண்டு. கோப்பியைப் பால் கலவாமல் அருந்துபவருக்கும், பலவகை விதைகளை வாங்கிச் சுவை பார்ப்பவருக்கும் இதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் கலம் இரண்டு, சுருள் இரண்டு, உணரி இரண்டு, அவற்றை ஆளும் மின்பலகை ஒன்று, பழுதடையக்கூடிய உறுப்புகளின் தொகையும் அதற்கேற்பக் கூடுகிறது, விலையும் கூடுகிறது.

இங்கே ஒரு கருத்தைக் கவனிக்க வேண்டும். வெப்பப் பரிமாற்றி கடைக்காகப் பிறந்தது. கடையிலே கோப்பை மேற் கோப்பையாக எடுத்துக்கொண்டே இருப்பார்கள். குழாயில் நீர் தங்குவதற்கு நேரமே இல்லை. வீட்டிலோ காலையில் ஒரு கோப்பை, பிறகு மூன்று மணி நேரம் மௌனம், மாலையில் ஐந்து கோப்பை. வீடு கடையைப் போல் இயங்கும் வேளையில் வெப்பப் பரிமாற்றி தன் பிறவிக் குணத்தைக் காட்டும். வீடு வீடாக இருக்கும் வேளையில் ஒவ்வொரு கோப்பைக்கும் முன் நீர் ஓடவிட்டுப் பார்க்கும் பொறுமையைக் கேட்கும். பெருநாளன்று உறவினர் கூடிப் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பாற்கோப்பி ஊற்ற வேண்டிய வீட்டில் அது சளைக்காது. தனியொருவர் நாளுக்கு இரண்டு முறை எடுத்து அருந்தும் வீட்டில், எண்ணைப் பார்த்து நிற்கும் இரட்டைக் கலமே நிம்மதி தரும்.

யந்திரத்தின் குணம் இது. இனி அது வந்து சேரும் ஊரின் குணத்தையும் பார்க்க வேண்டும்.

முதலாவது மின்சாரம். நம் நாட்டில் 230 வோல்ற்று. பதின்மூன்று அம்பியர்ச் செருகி தாங்கக்கூடியது 230 ஐ 13 ஆற் பெருக்க, 2990 வாற்று. வெப்பப் பரிமாற்றி யந்திரங்களின் சுருள் பெரும்பாலும் 1200 முதல் 1400 வாற்று வரை. இரட்டைக் கலத்தில் இரு சுருளும் ஒரே வேளையில் எரிந்தால் 2500 வாற்றுக்கு மேலும் போகக்கூடும். சில யந்திரங்கள் ஒன்றை நிறுத்தி மற்றதை எரிப்பதும் இதனாலேயே. பழைய வீடுகளின் ஐந்து அம்பியர்ச் செருகியோ 1150 வாற்றுக்கு மேல் தாங்காது. அதிலே இவ்விரண்டில் எதையும் பொருத்தலாகாது. மாணவர்களுக்கு ஒரு சிறு கணக்கு: ஒன்றரை இலீற்றர் நீரை 30 பாகையிலிருந்து 120 பாகைக்கு உயர்த்த 567 கிலோயூல் வேண்டும். 1400 வாற்றுச் சுருள் அதனை ஏழு நிமிடத்தில் முடிக்கும். செலவு ஓர் அலகில் ஆறிலொரு பங்குதான். ஆயினும் ஏழு நிமிடத்தில் நல்ல கோப்பி வாராது. முன்னே தொங்கும் கனத்த பித்தளைத் தலை சூடேற இன்னும் இருபது நிமிடம் பிடிக்கும். அவசரக்காரருக்கு இருவகை யந்திரமும் உதவா.

இரண்டாவது தண்ணீர். கிண்ணியா கடலும் களப்பும் சூழ்ந்த மண். கிணற்றுக்குக் கிணறு நீர் மாறும். கேத்தலின் அடியில் வெண்பொருக்குப் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் அதே பொருக்கு யந்திரத்தின் குழாயிலும் படியும். உவர்நீரோ துருவேறா உருக்கையும் காலப்போக்கில் அரிக்கும். அப்படியானால் கடையில் விற்கும் ஆர்.ஓ. நீர் எப்படி? உப்பு முழுவதும் நீங்கிய நீரில் மின்னோட்டம் செல்லாது. கலத்தின் நீர்மட்டத்தை அறியும் உணரி அந்த மின்னோட்டத்தை நம்பியே வேலை செய்கிறது. ஆகையால் கலம் நிறைந்திருந்தும் வெறுமை என்று எண்ணி அது மேலும் மேலும் நீரை இழுக்கும். சிறிதளவு உப்புள்ள மென்னீரே ஏற்றது. ஆவி வெளியேற, உப்பு மட்டும் ஆவிக் கலத்திலே தங்கிச் செறியும். எனவே இரண்டொரு நாளுக்கு ஒருமுறை வெந்நீர்க் குழாயைத் திறந்து சிறிது நீரை வெளியேற்றுவது இருவகைக்கும் நன்று.

மூன்றாவது பழுதுபார்த்தல். 2009 ஆம் ஆண்டிலே பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குப் போவோர் பாதையேறித் துறை கடந்தார்கள். இன்று வாகனம் நேரே போகிறது. ஆயினும் இந்த யந்திரத்தின் மின்பலகையைத் திருத்தும் கைகளை நம் ஊர்களிலே தேடினால் எளிதிற் கிடைக்கமாட்டா. 2022 மார்ச்சு மாத இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றதையும், அந்நியச் செலாவணி இல்லாமல் வெளிநாட்டு உதிரிப் பாகங்கள் அரிதானதையும் நாம் மறக்கவில்லை. மின்சாரம் போய்வரும் ஒவ்வொரு தடவையும் மின்பலகைக்கு ஒரு சோதனை. வெப்பப் பரிமாற்றியின் அமுக்க ஆளி, சுருள், இறப்பர் வளையம் ஆகியவையோ கைத்திறன் உள்ள மின்பொறியாளர் கண்டவுடனே விளங்கிக்கொள்ளக்கூடியவை. சில வெப்பப் பரிமாற்றி யந்திரங்களிலும் இப்போது மின்பலகை வந்துவிட்டது. வாங்குமுன் கேட்டறிய வேண்டும்.

நான்காவது நம்முடைய நாக்கு. 1869 இல் இலைத்துரு நோய் வந்து அழிக்கும்வரை இலங்கை கோப்பி விளைந்த நாடு. தேயிலை வந்த பிறகும் நம் வீடுகளிலே கோப்பிக்கொட்டையைச் சட்டியிலிட்டுக் கறுக்க வறுத்து, மல்லியும் சுக்கும் சேர்த்து இடிக்கும் வழக்கம் இருந்துவருகிறது. கறுக்க வறுத்த கோப்பிக்குப் பாகை சற்றுக் குறைவாக இருப்பதே நல்லது. பாலும் சீனியும் சேரும்போது ஒரு பாகை முன்பின்னானால் அது தெரியவும் தெரியாது. இளம் வறுவலைப் பால் கலவாமற் குடிப்பவருக்கே அந்த ஒரு பாகை பெரிது. இன்னொன்றையும் சொல்லிவைக்க வேண்டும்: உம்மாவின் சுக்குக் கோப்பித் தூளை இந்த யந்திரத்தில் இடலாகாது. அதற்கு அவருடைய கேத்தலே உரிய இடம். பாலைப் பொறுத்தவரை, எருமையும் பசுவும் உள்ள ஊரிலே புதுப்பால் கிடைத்தால் அதுவே சிறந்தது. பால்மாவையும் நன்றாகக் கரைத்துக் குளிரவைத்தால் நுரைக்கும். எந்தப் பாலானாலும் 65 பாகையைத் தாண்டவிட வேண்டாம்; தாண்டினாற் காய்ச்சிய வாடை வந்துவிடும்.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால், மாலையிலே வீட்டார் அனைவரும் ஒன்றுகூடிப் பாற்கோப்பி அருந்தும் ஒரு கிண்ணியாக் குடும்பத்துக்கு வெப்பப் பரிமாற்றியே பொருந்தும் என்பது என் கருத்து. மிஞ்சும் பணத்தை நல்ல அரைக்கும் யந்திரத்திற் போட வேண்டும். தூள் ஒருசீராக அரைபடாவிட்டால், 93 பாகையிலே அசையாது நிற்கும் நீர்கூடக் கோப்பியைக் காப்பாற்றாது. அரைக்கும் யந்திரத்தில் மிச்சம் பிடித்துக் கொதிகலனிற் செலவழிப்பது, மண்வெட்டி வாங்காமல் வயல் வாங்குவதற்கு ஒப்பாகும்.

ஆனால் இந்த விடைக்கு ஒரு நிபந்தனை உண்டு. கடிதத்தின் ஒரு வரி என்னை நிறுத்திற்று: நானா மீண்டும் போவாரா என்பது முடிவாகவில்லை. அவர் கடையிலே ஆறு ஆண்டு நின்றவர். சீறல் அடங்கும் ஓசை அவருடைய காதுக்குப் பழக்கம். அவர் கையில் வெப்பப் பரிமாற்றி நன்றாகவே இயங்கும். அவர் விமானம் ஏறிய மறுநாள் அதன்முன் நிற்கப் போவது யார்? தங்கையும் உம்மாவும் அல்லவா? பழகாத கையிலே அது ஒரு நாள் கைப்பாகவும் ஒரு நாள் புளிப்பாகவும் ஊற்றும். பிறகு துணி போர்த்தி மூலையில் வைக்கப்படும். வெளிநாட்டுப் பணத்தில் வாங்கிய எத்தனையோ பொருள்கள் நம் வீடுகளில் இப்படித் துணி போர்த்தி நிற்கின்றன. வாங்கியவரின் திறமைக்கு அளவெடுத்து வாங்கப்பட்டவை அவை. வீட்டில் இருப்பவருக்கு அளவெடுக்கப்பட்டவை அல்ல.

ஆகையால் முடிவு இப்படி இருக்கட்டும். நானா ஊரிலே தங்குவதானால், அல்லது புறப்படுமுன் ஒரு மாதம் இருந்து தங்கைக்கும் அந்த ஓசையைப் பழக்கிக் கொடுப்பதானால், வெப்பப் பரிமாற்றி. பழகுவதற்கு ஒருவருமில்லை, பால் கலவாத கோப்பி மட்டுமே வேண்டும், திருத்துவதற்குக் கொழும்பு வரை அனுப்பும் செலவையும் ஏற்க இயலும் என்றால், இரட்டைக் கொதிகலன். இரண்டும் இல்லையென்றால் வாப்பா சொல்வதே சரி. பித்தளை வடிகட்டியிலே டிகாஷன் இறக்கி, பாலை வேறு பாத்திரத்திற் காய்ச்சித் தமிழ்நாட்டார் அருந்தும் கோப்பிக்கு எந்தக் குறையும் இல்லை. இரு பாத்திரம், இரு சூடு. அதுவும் ஓர் இரட்டை அடுப்பே, மின்பலகை இல்லாத இரட்டை அடுப்பு!

வாப்பாவின் சொல்லை இன்னொரு வகையிலும் மதிக்க வேண்டும். யந்திரத்துக்கு முன்னே வீட்டு மின்கம்பிகளைத் தக்கவரைக் கொண்டு பார்க்கவேண்டும்; நீரைச் சோதிக்கவேண்டும். யந்திரம் வாங்காவிட்டாலும் இவ்விரண்டும் வீட்டுக்குப் பயன்படும்.

இத்தகைய யந்திரம் வாங்க எண்ணும் எல்லா வாசகருக்கும் ஒன்று சொல்வேன். ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, ஏழு நாளைக்கு மூன்று கட்டம் வரைந்து எழுதுங்கள்: எந்த நேரத்தில், யார், பாலோடா பாலின்றியா கோப்பி குடித்தார்? ஆக்கிக் கொடுத்தவர் யார் என்பதையும் நான்காவது கட்டத்தில் எழுத மறக்க வேண்டாம். எட்டாம் நாட் காலையில் அந்தத் தாளை வீட்டார் எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள். எந்த அடுப்பு வேண்டும் என்பதை விற்பனையாளரின் விளம்பரத்தைவிட அந்தத் தாள் தெளிவாகச் சொல்லிவிடும்.